விடைத்தாள் திருப்பித் தரும் வகுப்பு

முதலாமாண்டுப் பொறியியலில், செமஸ்டர் தொடங்கி ஆறேழு வாரத்தில் ஒரு நாள் வரும். 'மேட்ரிக்ஸஸ் அண்ட் கால்குலஸ்' முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாள்களை ஆசிரியர் கட்டாகக் கொண்டுவரும் நாள். ப்ளஸ் டூ கணக்கில் 95 வாங்கிய பிள்ளை, 60-க்கு 23 என்று சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் பார்க்கும். தாளை இரண்டாக மடித்துப் புத்தகத்துக்குள் செருகும். பிறகு அந்தத் தாளைத் திறந்தே பார்க்காது. அந்த 23-க்குள் எது தெரிந்தது, எது தெரியவில்லை, எது கைதவறிப் போனது என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. "நமக்கு இது வராது" என்ற முடிவு மட்டும் அன்றைக்கு எழுதப்பட்டுவிடும். மூன்றாம் ஆண்டில் ஏழு அரியரோடு வந்து நிற்கும் பிள்ளையின் கதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், பெரும்பாலும் இந்த வகுப்பில்தான் போய் முடியும்.

மீண்டெழும் திறனை மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று இப்போது எல்லாக் கல்லூரிகளும் பேசுகின்றன. பேச்சாளர் ஒருவரை அழைத்துச் செமினார் ஹாலில் 300 பேரை உட்கார வைத்து, தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று இரண்டு மணி நேரம் பேச வைத்து, படம் பிடித்துக் கோப்பில் வைத்துவிடுவதுதான் வழக்கமான ஏற்பாடு. அதனால் கெடுதல் இல்லாமல் இருக்கலாம், பலன் கிடைப்பதும் அரிது. மனநலத் திறன்களைப் பாடவேளையாக்கி எல்லோருக்கும் ஒரேமாதிரி நடத்துவதை மிகக் கவனமாகச் சோதித்துப் பார்த்த முயற்சிகளில் ஒன்று, பிரிட்டனில் நடந்த 'மிரியட்' ஆய்வு. 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என எல்லாம் இருந்தும், 2022-இல் வெளிவந்த முடிவின்படி அந்த மனக்கவனப் (மைண்ட்ஃபுல்னஸ்) பாடங்கள் வழக்கமான பாடங்களைவிட மேலான பலனைத் தரவில்லை. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள், நம்முடையவர்கள் கல்லூரி. ஆனாலும் பாடம் சரியில்லையா, பாடமாக வைத்ததே சரியில்லையா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தத் திறன் தனிப் பாடவேளையில் ஒட்டாது. கணக்கு வகுப்பில், வேதியியல் ஆய்வகத்தில், சி புரோகிராம் கம்பைல் ஆகாமல் சிவப்பாக நிற்கும் அந்த நிமிடத்தில்தான் ஒட்டும். ஆகவே அதைக் கற்றுத்தர வேண்டியவர் பாட ஆசிரியர்தான். அவருக்கோ பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைகளின்படியே, உதவிப் பேராசிரியர் என்றால் வாரம் 16 மணி நேர வகுப்பு. சுயநிதிக் கல்லூரிகளில் அதற்கு மேலும் உண்டு. அதோடு அட்மிஷன் வேலை, அக்ரெடிடேஷன் கோப்பு, மென்டார் ஃபார்ம். இவ்வளவையும் சுமப்பவரிடம் "மாணவர்களுக்கு மன உறுதியையும் கற்றுக்கொடுங்கள்" என்று ஒரு சர்க்குலர் அனுப்பினால் அவர் எதைச் செய்வார்? கையில் ஒரு தாளும், 25 நிமிடமும், சொல்ல வேண்டிய வாக்கியங்களும், இதோடு உன் பொறுப்பு முடிகிறது என்ற எல்லைக்கோடும் கொடுத்தால் செய்வார். அந்த நான்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தாள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லோவெட் வகுத்த முறை ஒன்று பல கல்லூரிகளில் பழக்கத்தில் இருக்கிறது. தேர்வைச் சுற்றி ஒரு சிறிய அலசலைப் போர்த்துவது. நம் வகுப்புக்கு ஏற்ப அதை அலசல் தாள் என்று வைத்துக்கொள்வோம். அரை ஏ4 போதும், இரண்டு பக்கம்.

விடைத்தாளைத் தருவதற்கு முன்பே முதல் பக்கத்தை நிரப்பச் சொல்ல வேண்டும். 60-க்கு எவ்வளவு வரும் என்று நினைக்கிறாய்? இந்தத் தேர்வுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் படித்தாய்? அதில் நோட்டைப் பார்த்து வாசித்தது எவ்வளவு, தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்து எழுதியது எவ்வளவு, மூடிவைத்துத் தானாகப் போட்டது எவ்வளவு? ஐந்து நிமிடம். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு இதைக் கேட்டால் உண்மை வராது. 23-ஐப் பார்த்தவன் "நான் படிக்கவே இல்லை சார்" என்பான். படித்தும் வரவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட அது அவனுக்குச் சுலபம்.

பிறகு தாளைக் கவிழ்த்து மேசையில் வைக்க வேண்டும். மதிப்பெண் வரிசையில் கொடுக்கக் கூடாது, பெயரையும் மதிப்பெண்ணையும் சேர்த்து வாசிக்கவே கூடாது. இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் இந்த ஒரு பழக்கம் தொடர்ந்தால் மற்றது எதுவும் வேலை செய்யாது. வகுப்பே கேட்க அவமானப்பட்ட பிள்ளை அடுத்த 20 நிமிடம் காதால் எதையும் வாங்காது.

இரண்டாவது பக்கம்தான் உயிர்நாடி. இழந்த மதிப்பெண் ஒவ்வொன்றையும் நான்கு கட்டங்களில் ஒன்றில் போட வேண்டும். கருத்தே புரியவில்லை. புரிந்தது, தேர்வில் நினைவுக்கு வரவில்லை. வழி சரி, நடுவில் குறி அல்லது கூட்டல் தவறிவிட்டது. கேள்வி கேட்டது என்னவென்று பிடிபடவில்லை அல்லது நேரம் போதவில்லை. கட்டங்களைக் கூட்டினால் இழந்த 37-உம் எங்கே போனது என்று தெரிந்துவிடும். 'எனக்குக் கணக்கு வராது' என்று உட்கார்ந்திருந்த பிள்ளை, 37-இல் 14 மூன்றாவது கட்டத்தில் விழுந்திருப்பதைத் தன் கையாலேயே எழுதிப் பார்க்கும்போது, ஆறுதல் வார்த்தை எதுவும் தேவைப்படாது. தோல்வி என்று மொத்தமாகக் கிடந்தது நான்கு சில்லறையாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது.

நான்காவது கட்டத்தைத் தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகளை மனதில் வைத்துச் சேர்த்திருக்கிறோம். 2021-இல் இருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களில் பலருக்கும் கணக்கு வரும், கேள்வியின் வினைச்சொல் வராது. 'வெரிஃபை' என்றால் கொடுத்த விதி இந்த அணிக்குப் பொருந்துகிறதா என்று போட்டுக் காட்டுவது. 'ஹென்ஸ் ஃபைண்ட்' என்றால் இப்போது கிடைத்த விடையை வைத்தே அடுத்ததைக் கண்டுபிடிப்பது, புதிதாகத் தொடங்கினால் மதிப்பெண் போகும். 'டிடியூஸ்' என்றாலும் ஏறக்குறைய அதேதான். இப்படி 20 சொல்லை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். எல்லோருக்கும் என்பது முக்கியம். 'தமிழ் மீடியம் மட்டும் வந்து வாங்கிக்கோங்க' என்று சொன்னால் வாங்க ஒருவரும் எழுந்து வரமாட்டார்கள்.

கடைசி ஐந்து நிமிடம் ஒரே ஒரு மாற்றத்தை எழுத வைக்க வேண்டும். "இனி நன்றாகப் படிப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "செவ்வாய் இரவு 8 மணிக்கு, சாப்பிட்டு வந்ததும், ஸ்டடி ஹாலில், நோட்டை மூடிவைத்து மூன்று கணக்கு" என்று நாள், நேரம், இடம் மூன்றும் வர வேண்டும். 'இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று கட்டி வைத்த தீர்மானம் வெறும் ஆசையைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே காட்டியிருக்கிறார். மூடிவைத்துப் போடுவது ஏன் என்பதற்கும் சான்று இருக்கிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து நினைவில் நின்றது 40 விழுக்காடு. ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். அதனால்தான் வாசிப்பது படித்துவிட்ட திருப்தியைத் தந்து பிள்ளைகளை ஏமாற்றுகிறது. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும், மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தாளை ஆசிரியர் வாங்கி வைத்து, எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் அதிகம் இழந்தார்கள் என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டாவது இன்டர்னலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு தாள்களை அவரவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் மறப்பது இந்தப் படியைத்தான். திரும்பி வராத அலசல் தாள் வெறும் வாக்குமூலம். திரும்பி வந்தால்தான் "போன முறை நீயே எழுதியது" என்று பிள்ளைக்கு அதன் கையெழுத்தே நினைவூட்டும்.

கெட்டுப்போகும் வழிகள் இன்னும் உண்டு. விடைத்தாள் தேர்வு முடிந்து ஐந்து வேலை நாளுக்குள் வர வேண்டும். இரண்டு வாரம் ஆகிவிட்டால், அந்த வரியை எழுதும்போது என்ன நினைத்தோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது, கட்டங்கள் ஊகமாகிவிடும். அலசல் தாளுக்கு மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதுவார்கள். பெற்றோர் கூட்டத்தில் எடுத்துக் காட்டினால் அடுத்த முறை எல்லாத் தாளும் ஒரேமாதிரி வரும். "நாக் கோப்புக்கு வேண்டும், ஸ்கேன் பண்ணி வையுங்கள்" என்று கல்லூரித் தர மதிப்பீட்டுக்காக துறைத்தலைவர் கேட்டால், எண்ணிக்கை அட்டவணையை மட்டும் கொடுத்துவிட்டுத் தாளை மாணவரிடமே விட்டுவிடலாம்.

அடுத்தது பாடத்துக்குள்ளேயே இருக்கும் மீட்சி. இதை யாரும் மனநலம் என்று எண்ணுவதில்லை, ஆனால் இதுதான் உண்மையான பயிற்சி. ஓர் உதாரணம். வரிசைகள் 2, 2, 1. 1, 3, 1. 1, 2, 2 என்று ஓர் அணி. இதன் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன்: லாம்டா கியூப் மைனஸ் 7 லாம்டா ஸ்கொயர் பிளஸ் 11 லாம்டா மைனஸ் 5 சமம் பூச்சியம். அதன் தீர்வுகளான ஐகன் மதிப்புகள் 1, 1, 5. மாணவர்கள் எஸ்-2 காணும்போது, அதாவது மூலைவிட்ட உறுப்புகளின் மைனர்களை (அந்த உறுப்பின் வரிசையையும் நிரலையும் நீக்கினால் மிஞ்சும் சிறு டிடர்மினன்டுகளை) கூட்டும்போது, 6 மைனஸ் 2 என்பதை 6 பிளஸ் 2 என்று எழுதிவிடுவார்கள். 11 வர வேண்டிய இடத்தில் 15 வரும். பிறகு 1 போட்டுப் பார்ப்பார்கள், மைனஸ் 1, 5, மைனஸ் 5 என்று முயல்வார்கள், எதுவும் பொருந்தாது. கை வியர்க்கும். 16 மதிப்பெண் கேள்வியை அப்படியே கோடு போட்டு அடித்துவிட்டு வேறு கேள்விக்கு ஓடுவார்கள். அந்தப் பதற்றம் மீதி நேரத்தையும் தின்றுவிடும்.

ஐகன் மதிப்புகளின் கூடுதல் மூலைவிட்டக் கூடுதலுக்குச் சமமா, பெருக்கல் டிடர்மினன்டுக்குச் சமமா என்ற வழக்கமான சரிபார்ப்பு இந்தத் தவறைப் பிடிக்காது, ஏனெனில் அவை எஸ்-1 (மூலைவிட்டக் கூடுதல்), எஸ்-3 (டிடர்மினன்ட்) பற்றியவை. ஆகவே வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: பாடப்புத்தகக் கணக்கில் முழு எண் மூலம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால், மூன்று மைனர்களுக்குப் போ, குறியைப் பார். ஐகன் மதிப்பு கிடைத்தும் ஐகன் வெக்டர் காணும்போது எல்லாம் பூச்சியமாகவே வந்தால், லாம்டாவில் பிழை, ஒரு படி பின்னால் போ. ஆசிரியர் செமஸ்டரில் இரண்டு மூன்று முறை கரும்பலகையில் வேண்டுமென்றே இந்தப் பிழையைச் செய்து, சிக்கி, வாய்விட்டு யோசித்து, மீண்டு காட்ட வேண்டும். எப்போதும் வழுக்கிக்கொண்டு போகும் கணக்கையே பார்த்த பிள்ளை, தான் சிக்கும்போது தனக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று நினைத்துக்கொள்கிறது.

நேரத்துக்கும் ஒரு விதி. 180 நிமிடம், 100 மதிப்பெண் என்றால் 16 மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய 29 நிமிடம். ஐந்து நிமிடம் எழுதாமல் பேனா நின்றுவிட்டால், அரைப் பக்கம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அடிக்கக் கூடாது. அடித்த படிகளுக்கு மதிப்பெண் கிடையாது, விட்ட படிகளுக்கு உண்டு.

இனி வாக்கியங்கள். ஆசிரியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். தாள் கொடுக்கும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் தாங்கள் கேட்டு வளர்ந்ததையே சொல்கிறார்கள். "ப்ளஸ் டூல 95, இங்க 23. ஹாஸ்டல் வந்ததும் ஆட்டமா?" என்பது ஒரு வகை. "பரவால்லப்பா, எல்லாருக்கும் கணக்கு வராது" என்பது இன்னொரு வகை. இரண்டாவது கனிவாகத் தோன்றும். அதைக் கேட்கும் பிள்ளையின் காதில் விழுவது 'நீ இவ்வளவுதான்' என்பதே. உளவியலாளர்கள் கோயனும் ஸ்டீலும் ராஸும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் தொடங்கி ஒரு வழி தெளிவாயிற்று. கறாரான குறிப்பு, உயர்ந்த எதிர்பார்ப்பு, 'உன்னால் அங்கே போக முடியும்' என்ற உறுதி மூன்றும் சேர்ந்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பலிக்காது. நம் மொழியில் அது இப்படி இருக்கும்: "தம்பி, இந்தக் கேள்வியில முதல் மூணு ஸ்டெப் சரியா போட்டிருக்கே. இந்த மைனர்ல குறி மாறிப்போச்சு, அதுல பத்து மார்க் போயிருக்கு. இந்த வகுப்புல நான் எதிர்பார்க்கிறது பெருசு, நீ போட்ட வழியப் பார்த்தா உன்னால அது முடியும். நாளைக்கு மத்தியானம் இதே கணக்க மறுபடி போட்டு எடுத்துட்டு வா." 30 விநாடி. ஆனால் தாளைப் படித்திருந்தால்தான் இதைச் சொல்ல முடியும். 60 பேருக்கும் சொல்ல முடியாது. முதல் சுற்றில், எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் 20-க்கு மேல் வித்தியாசம் உள்ளவர்களிடம் தொடங்கலாம். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களைவிட, மிக அதிகம் அதிர்ந்தவர்களுக்கே அந்த வாரம் ஆபத்து அதிகம்.

சீனியர்களின் எழுத்தும் உதவும். வால்டனும் கோயனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 'இந்த இடத்தில் நமக்கு இடமில்லை என்ற உணர்வு முதலாண்டில் பலருக்கும் வரும், நாளடைவில் போகும்' என்பதைச் சீனியர்களின் வார்த்தையில் ஒரு மணி நேரம் வாசித்து, தானும் எழுதிப் பார்த்த அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தன. பிறகு 22 கல்லூரிகளில், 26,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்து பார்த்து 2023-இல் வெளியிட்டபோது ஒரு நிபந்தனை தெரிந்தது. அந்த மாணவர்கள் உண்மையிலேயே ஒட்டி வாழ இடம் கொடுத்த கல்லூரிகளில்தான் அது பலித்தது. கடிதத்தில் 'உதவி கேள், கிடைக்கும்' என்று எழுதிவிட்டு, ஸ்டாஃப் ரூம் வாசலில் "இதுகூடத் தெரியலையா" என்று கேட்டால், கடிதமே பொய்யாகிவிடும். மாணவர் குறை என்று நாம் எழுதிவைப்பதில் பாதி இந்த வாசலில்தான் உண்டாகிறது. காலை ஐந்தரைக்குக் கல்லூரிப் பேருந்து ஏறி இரவு ஏழுக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கும், உதவித்தொகை வராததால் ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைக்கும் மன உறுதி பற்றி வகுப்பெடுப்பது அநியாயம். அங்கே மாற வேண்டியது பேருந்து நேரமும் அலுவலக நடைமுறையும்.

ஆசிரியர்களுக்கான பயிற்சியும் இதே தர்க்கத்தில்தான் நடக்க வேண்டும். ஒரே நாளில் ஆறு மணி நேரம் பவர்பாய்ன்ட் காட்டும் எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) பெரும்பாலும் சான்றிதழோடு முடிந்துவிடும். அதே ஆறு மணி நேரத்தை ஒன்றரை மணி வீதம் நான்காகப் பிரித்து ஒரு செமஸ்டருக்குள் பரப்பலாம். ஒரே தாளை நடத்தும் ஆறு முதல் எட்டு ஆசிரியர்கள் போதும். முதல் கூட்டம் முதல் இன்டர்னலுக்கு முந்தைய வாரம்: அலசல் தாளைத் தங்கள் பாடத்துக்கு மாற்றுவது, தாங்களே ஒருமுறை நிரப்பிப் பார்ப்பது. இரண்டாவது, தாள் திருத்தும்போது: ஒவ்வொருவரும் பெயர் மறைத்த மூன்று விடைத்தாள்களோடு வந்து, இருவர் இருவராக அந்த 30 விநாடி வாக்கியத்தைச் சொல்லிப் பழகுவது. முதலில் கூச்சமாக இருக்கும். நான்காவது முறை சொல்லும்போது வாய்க்குப் பழகிவிடும். மூன்றாவது, தாள் கொடுத்த மறுவாரம்: என்ன நடந்தது, எங்கே சொதப்பியது என்று பேசுவது மட்டும். இதில் துறைத்தலைவர் உட்காராமல் இருப்பது நல்லது. நான்காவது எல்லைக்கோடு பற்றி, மனநல வல்லுநரோடு. இந்த ஆறு மணி நேரமும் பணிச்சுமைக் கணக்கில் ஏற வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்தால், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டிய ஆசிரியைகள்தான் முதலில் விடுபடுவார்கள்.

அந்த எல்லைக்கோடு. நம் ஊரில் 'கவுன்சிலிங்' என்ற சொல்லுக்குச் சேர்க்கைக் கலந்தாய்வு என்றும் பொருள், கூப்பிட்டுக் கண்டிப்பது என்றும் பொருள். "கவுன்சிலிங் போ" என்றால் பிள்ளை தண்டனை என்றே நினைக்கும். கூடவே நடந்துபோய் அறிமுகப்படுத்திவிட வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதலின்படி, 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும், எல்லாப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது குறைவு, ஆனால் திட்டவட்டமானது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ மாறியிருந்தால், எல்லோரிடமிருந்தும் விலகினால், பிடித்த பொருளைக் கொடுத்துவிட்டால், "இனிமே யாருக்கும் தொல்லை இல்ல" என்பது போலப் பேசினால், சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆம் என்றால் தனியே விடக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆலோசகரிடம் அழைத்துப் போக வேண்டும். இரவென்றால், 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. வீட்டுக்கு எப்படி, யாரிடம் சொல்வது என்பதை ஆலோசகரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். பிரச்சினையே வீடாக இருக்கலாம். இதற்கு மேல் சிகிச்சை ஆசிரியரின் வேலை இல்லை, அதைத் தன் தலையில் சுமந்து அவர் தூக்கம் கெடவும் வேண்டாம்.

பலன் இருக்கிறதா என்று பார்க்கக் கேள்வித்தாள் கொடுத்தால், எல்லோரும் 'ஸ்ட்ராங்லி அக்ரீ' என்று டிக் அடித்துவிடுவார்கள். இரண்டாவது இன்டர்னல் விடைத்தாள்களைத் திருத்தும்போது மூன்றை எண்ணினால் போதும்: தொடாமல் விட்ட 16 மதிப்பெண் கேள்விகள் எத்தனை, கோடு போட்டு அடித்த பக்கங்கள் எத்தனை, அரைப் பக்கம் விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வந்து முடித்த விடைகள் எத்தனை. மூன்றாவதை மையின் நிறத்திலும் எழுத்தின் அவசரத்திலும் கண்டுபிடித்துவிடலாம். முதல் இன்டர்னலிலேயே இந்த மூன்றையும் எண்ணிக் குறித்து வைக்க மறந்துவிடக் கூடாது, பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.